ஒரே கிளாரினெட், இரண்டு தோழிகள்: முதல் நாற்காலியை என்ன செய்வது?

டெக்சஸில் பள்ளி பேண்டில் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறார்கள். எந்த வாத்தியம் என்று முடிவு செய்யும் நாளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் சிநேகிதியைப் பார்த்துத்தான் கையை நீட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு ஒன்றாகப் போகிறவர்கள், ஒரே காரில் வீடு திரும்புகிறவர்கள். "நீ கிளாரினெட்டா? அப்ப நானும் கிளாரினெட்." முதல் வருடம் எல்லாரும் ஒரே வரியைத்தான் வாசிப்பார்கள் என்பதால் அந்த முடிவின் கனம் யாருக்கும் தெரியாது. ஏழாம் வகுப்பில் சேர் டெஸ்ட், அதாவது யாருக்கு எந்த நாற்காலி என்று முடிவு செய்யும் தேர்வு, வரும்போது தெரியும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே பேண்ட் என்பது குடியரசு தின அணிவகுப்பில் முன்னால் போகும் பேண்டு வாத்தியம் மட்டும் இல்லை. அது கணக்கு, அறிவியல் போல ஒரு பாடம். தினமும் அதற்கென்று ஒரு பீரியட், மதிப்பெண், ஆசிரியர் எல்லாம் உண்டு. ஒவ்வொரு வாத்தியப் பிரிவிலும் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதை ஆசிரியர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தீர்மானிப்பார். கிளாரினெட்டுக்கு வழக்கமாக மூன்று பார்ட், அதாவது ஒரே பாட்டில் மூன்று தனி வரிகள், எழுதப்பட்டிருக்கும். முதல் பார்ட்டில் மெட்டும் உயரமான ஸ்வரங்களும் வரும். மூன்றாவது பார்ட் கீழ் ஸ்தாயியில் இணை ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபர்ஸ்ட் சேர் என்பது முதல் பார்ட்டின் முதல் நாற்காலி. பாட்டில் தனியாக வாசிக்க ஓர் இடம் வந்தால் அது அந்த நாற்காலிக்குத்தான்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் இது சின்ன விஷயம் இல்லை. "சும்மா ஒரு நாற்காலிதானேம்மா, விடு" என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் நம்புவதும் இல்லை. அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த ஏப்ரகாம் டெஸ்ஸர், ஸ்மித் என்பவருடன் சேர்ந்து 1980-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் நேராக உதவுகிறது. மாணவர்களை ஒரு நண்பரோடு வரச் சொன்னார்கள். ஒருவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், மற்றவர்கள் குறிப்புக் கொடுக்க வேண்டும். எளிய குறிப்பா, கடினமான குறிப்பா என்பது கொடுப்பவர் விருப்பம். இது வெறும் விளையாட்டு என்று சொல்லப்பட்டபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்கு எளிய குறிப்பைக் கொடுத்தார்கள். இது உங்கள் மொழித்திறனை அளக்கும் முக்கியமான சோதனை என்று சொல்லப்பட்டபோது நிலைமை தலைகீழானது. நண்பருக்குத்தான் கடினமான குறிப்பு போனது.

டெஸ்ஸர் பிற்பாடு இதை விரித்துச் சொன்னார். நமக்கு முக்கியமான ஒரு விஷயத்தில் நெருங்கியவர் நம்மைத் தாண்டும்போது மனம் மூன்றில் ஒரு வழியைத் தேடும். அந்த நெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும்; அல்லது "எனக்கு அது முக்கியமே இல்லை" என்று விஷயத்தைத் தள்ளிவைக்கும்; அல்லது இருவருக்கும் உள்ள இடைவெளியை மாற்றப் பார்க்கும். இடைவெளியை மாற்ற நாம் ஏறலாம், அல்லது அவர் இறங்கும்படி ஏதாவது செய்யலாம். லஞ்ச் டேபிளில் இடம் மாறி உட்காரும் பிள்ளை முதல் வழியில் போகிறது. கிளாரினெட்டைப் பெட்டியிலேயே விட்டுவைக்கும் பிள்ளை இரண்டாவதில். ஆகவே, போட்டியை எப்படிக் கையாளலாம் என்று ஒவ்வொரு ஏற்பாட்டையும் பார்க்கும்போது நான் கேட்பது இதைத்தான்: இது பிள்ளையை இந்த மூன்றில் எந்தப் பக்கம் தள்ளும்? எத்தனை முறை தள்ளும்? யார் பார்க்கத் தள்ளும்?

சேலஞ்ச்

சில பேண்டுகளில் இன்னும் நடப்பது இது. மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் இரண்டாவது நாற்காலிக்காரரைச் சவாலுக்கு அழைக்கலாம். ஆசிரியர் ஒரு பகுதியைக் குறித்துக் கொடுப்பார், சில நாள் அவகாசம் இருக்கும், பிறகு இருவரும் வாசிக்க வேண்டும். ஜெயித்தவர் மேலே, தோற்றவர் கீழே. சில இடங்களில் வகுப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கி ஓட்டுப் போடுவதும் உண்டு.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை ஒதுக்கிவிட முடியாது. செப்டம்பரில் பின்னால் உட்கார்ந்த பிள்ளை ஜனவரியில் நன்றாக வாசித்தால் அதற்கு ஒரு வாசல் வேண்டும். ஒரே ஒரு டெஸ்ட்டில் காய்ச்சலோடு வாசித்து வருடம் முழுவதும் பின்வரிசையில் கிடப்பது நியாயம் இல்லை. பயிற்சி செய்யாத பிள்ளையும் சவால் வருகிறது என்றால் பெட்டியைத் திறக்கும்.

ஆனால் நண்பர்கள் என்று வரும்போது இந்த முறையைப் போல மோசமானது வேறு இல்லை என்பேன். சேர் டெஸ்ட்டில் ஆசிரியர் என்னை வரிசைப்படுத்துகிறார். சேலஞ்சில் என் தோழி என் பெயரைத் தன் வாயால் சொல்லி, என் நாற்காலி தனக்கு வேண்டும் என்கிறாள். இரண்டும் பிள்ளைக்கு ஒன்றாகத் தெரியாது. சவால் விடாமல் இருந்தாலும் சிக்கல்தான்: அவள் விடவில்லை என்றால் தயவு காட்டுகிறாளா, பயப்படுகிறாளா என்று இன்னொருத்தி யோசித்துக்கொண்டிருப்பாள். இது மாதத்துக்கு ஒரு முறை, எல்லார் கண் முன்னாலும். டெஸ்ஸர் சொன்ன மூன்று வழிகளில் எது சுலபம் என்று பிள்ளை தேடும்போது, நெருக்கத்தைக் குறைத்துக்கொள்வதுதான் முதலில் கைக்கு வரும்.

உங்கள் பள்ளியில் இந்த முறை இருந்தால், நண்பர்கள் இருவரும் வருடத் தொடக்கத்திலேயே ஒருவரையொருவர் சவாலுக்கு அழைப்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மற்றவர்களோடு மோதட்டும். ஆசிரியருக்கு இது பிடிக்காமல் போகலாம். அது அவர் கவலை.

விட்டுக்கொடுப்பது

நம் வீடுகளில் முதலில் வாயில் வரும் வழி இது. "அவ ரொம்ப ஆசைப்படறா, நீ கொஞ்சம் விட்டுக் குடேன்." அம்மா சொல்லாவிட்டாலும் பிள்ளை தானாகவே செய்யும். ஆடிஷனில் வேண்டுமென்றே ஓர் இடத்தில் தடுமாறும், இல்லாவிட்டால் அன்றைக்கு ரீட் (ஊதும் இடத்தில் அதிரும் மெல்லிய நாணல் பட்டை) உடைந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

சோற்றுக்கும் சைக்கிளுக்கும் விட்டுக்கொடுப்பது வேறு. அங்கே கொடுத்தவளுக்குப் பொருள் போகிறது, வாங்கியவளுக்குப் பொருள் வருகிறது, கணக்கு முடிந்தது. இங்கே வாங்கியவளுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அவள் காதில் கேட்கிறாள் அல்லவா? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவளுக்குத் தோழி எந்த இடத்தில் தடுமாறுவாள், எந்த இடத்தில் தடுமாறவே மாட்டாள் என்று நன்றாகவே தெரியும். உண்மையான மெடல் என்று நினைத்தது தானமாக வந்தது என்று புரிந்தால், தோற்றிருந்தால் வந்திருக்கும் வலியைவிட அது பெரிது. புரியாவிட்டால் இன்னொரு தொல்லை. அவள் தன் வாசிப்பைப் பற்றித் தப்பான கணக்கோடு அடுத்த ஆடிஷனுக்குப் போவாள்.

கொடுத்தவளும் நிம்மதியாக இருப்பதில்லை. முதல் முறை தியாகம், இரண்டாவது முறை கடன். "உனக்காக நான் அன்னைக்கு..." என்ற வாக்கியம் ஒன்பதாம் வகுப்பில் ஏதோ ஒரு சண்டையில் வெளியே வரும். பெண் பிள்ளைகளிடம் இதை நாம் அதிகம் எதிர்பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பையன்கள் டென்னிஸ் ஆடப் போனால் "விட்டுக் குடுடா" என்று எந்த அப்பாவும் சொல்லிக் கேட்டதில்லை.

பேண்டை விட்டே விலகிக்கொள்வது இதன் கடைசிப் படி. அதற்கு இசை சலித்துவிட்டது என்பது காரணமாக இருக்கட்டும், தோழி காரணமாக இருக்க வேண்டாம்.

ஆசிரியரின் கையில் இருப்பவை

பெற்றோர் ஆணையிட முடியாது, கேட்டுப்பார்க்கலாம் என்ற ரகத்தில் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. பல ஆசிரியர்கள் கேட்காமலேயே இவற்றில் ஒன்றைச் செய்கிறார்கள்.

சுழற்சி முறையில் நாற்காலி பாட்டுக்குப் பாட்டு, அல்லது கச்சேரிக்குக் கச்சேரி மாறும். தொழில்முறை இசைக்குழுக்களில் வயலின் பிரிவில் பின்வரிசைக்காரர்கள் முறைபோட்டு இடம் மாறி உட்காருவது அமெரிக்காவில் பல இடங்களில் வழக்கம். பள்ளியில் இதன் பலம், யாரும் ஒரு நாற்காலியோடு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பது. எல்லாரும் முதல் பார்ட்டின் உயரமான ஸ்வரங்களையும் பழகுவார்கள், மூன்றாவது பார்ட்டின் அடக்கத்தையும் பழகுவார்கள். பலவீனம்: நன்றாக உழைத்த பிள்ளைக்கு அதன் அடையாளம் எதுவும் கிடைப்பதில்லை. வீட்டில் மணிக்கணக்காகப் பயிற்சி செய்யும் பிள்ளை, "எதுக்குப் பண்ணணும், எப்படியும் மாறிடும்" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பங்கு போடும் முறையில் இருவரும் இணை முதல்வர்கள். தனி வாசிப்பை ஒரு பாட்டில் ஒருத்தி, அடுத்ததில் மற்றவள். இது பள்ளிக்கூடத்துச் சமாதானம் என்று நினைக்க வேண்டாம். பெர்லின் பில்ஹார்மோனிக்கில் புல்லாங்குழலுக்கு இரண்டு முதன்மைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். இருவரும் நிஜமாகவே சம அளவில் வாசித்தால் இதைவிட எளிய வழி இல்லை. சமம் இல்லை என்றால் மூன்றாவது தோழி முதலில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள்.

மூன்றாவது ஏற்பாடு அதிகம் பேசப்படாதது, எனக்குப் பிடித்தது. நல்ல வாசிப்பாளர்களை எல்லாம் முதல் பார்ட்டில் குவிக்காமல், மூன்று பார்ட்டுக்கும் பிரித்து உட்காரவைப்பது. ஒருத்தி முதல் பார்ட்டுக்குத் தலைமை, மற்றவள் இரண்டாவது அல்லது மூன்றாவது பார்ட்டுக்குத் தலைமை. இதற்குப் பின்னால் நட்பைக் காப்பாற்றும் நோக்கம் எதுவும் இல்லை, ஒலிக் காரணம்தான் இருக்கிறது. பேண்டின் ஒலி ஒரு பிரமிடு போல, கீழ்க்குரல்கள் அகலமாகவும் மேல்குரல்கள் மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்பது இசையமைப்பாளர் ஃபிரான்சிஸ் மெக்பெத் பரப்பிய கருத்து. அமெரிக்க பேண்ட் ஆசிரியர்கள் இன்றைக்கும் வகுப்பில் அதைக் கரும்பலகையில் வரைகிறார்கள். மூன்றாவது பார்ட்டில் பலவீனமானவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்த அடித்தளம் இருக்காது. ஆகவே "நீ மூணாவது பார்ட்டை எடுத்து நடத்து, அங்க ஆள் வேணும்" என்று ஆசிரியர் சொல்லும்போது அது ஆறுதல் பேச்சாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதைப் பிள்ளை நம்ப வேண்டுமானால் அப்பாவும் அம்மாவும் நம்ப வேண்டும். "தேர்ட் பார்ட்டா?" என்று ஒரு முறை முகம் சுளித்தால் போதும்.

வாத்தியத்தை மாற்றுவது

ஒரே வாத்தியம் என்பதுதான் பிரச்சினை என்றால் ஒருத்தி வாத்தியத்தை மாற்றிக்கொண்டால் என்ன? கிளாரினெட்டிலிருந்து பாஸ் கிளாரினெட்டுக்குப் போவது எளிது. விரல் வைக்கும் முறை கிட்டத்தட்ட அதுவே, படிக்கும் குறிமானமும் அதுவே. வாயில் பிடிக்கும் முறையும் காற்றின் அளவும்தான் பழக வேண்டும். டிரம்பெட்டிலிருந்து ஹார்னுக்கோ யூஃபோனியத்துக்கோ பிள்ளைகள் போவதும் அடிக்கடி நடப்பது. ஃப்ளூட்டிலிருந்து ஓபோவுக்குப் போவதும் உண்டு. ஆனால் அதில் உதடு புதிதாகப் பள்ளிக்கூடம் போக வேண்டும், முதல் சில மாதம் வீட்டில் மற்றவர்களுக்கும் பொறுமை தேவைப்படும்.

இதில் பணக் கணக்கும் நம் பக்கம் இருக்கலாம். பஸூன், ஹார்ன், டியூபா, பாஸ் கிளாரினெட் போன்ற விலை உயர்ந்த பெரிய வாத்தியங்களைப் பல பள்ளிகள் தாங்களே வாங்கி வைத்து மாணவருக்குக் கொடுக்கின்றன. கிளாரினெட்டையோ ஃப்ளூட்டையோ நாம்தான் மாத வாடகைக்கு எடுக்கவோ வாங்கவோ வேண்டும். ஓபோ, பஸூன் என்றால் இரட்டை ரீட் விலை தனி. ஒற்றை ரீட்டைப் போலப் பெட்டியாக வாங்கிப் போட முடியாது. ஆள் குறைந்த வாத்தியம் என்பதால் ஆசிரியர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்.

டெஸ்ஸரின் மொழியில் இது இரண்டாவது வழியின் நல்ல வடிவம். கிளாரினெட் எனக்கு இனி அளவுகோல் இல்லை, ஆனால் இசை என்னோடு இருக்கிறது. தோழி நன்றாக வாசித்தால் நான் கைதட்டலாம். பெரியவர்களிலும் இப்படி ஒதுங்கித் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் நிறைய.

எனக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனை. புதிய வாத்தியத்தின் ஒலி பிள்ளைக்குப் பிடித்திருக்க வேண்டும். பஸூனை ஒரு முறை கையில் வாங்கிச் சிரித்த பிள்ளையும், "அவ இல்லாத இடம் எதுவா இருந்தாலும் பரவால்ல" என்று சொல்லும் பிள்ளையும் வேறு வேறு. இரண்டாமவளை அனுப்ப வேண்டாம்.

போட்டியை வெளியே கொண்டுபோவது

இதுவரை சொன்னவை எல்லாம் பள்ளி வகுப்பறைக்குள் நடப்பவை. டெக்சஸில் இன்னொரு வாசல் இருக்கிறது, மற்ற பல மாநிலங்களிலும் அதற்கு இணையானது உண்டு. டெக்சஸ் இசைக் கல்வியாளர் சங்கம் 1920-இலிருந்து இயங்குகிறது. அதன் கீழ் மாநிலம் பல ரீஜன்களாக, அதாவது வட்டாரங்களாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ரீஜனிலும் பல பள்ளிப் பிள்ளைகள் ஆடிஷனுக்கு வந்து ஆல்-ரீஜன் பேண்டில் இடம் பிடிக்கிறார்கள். மிடில் ஸ்கூலுக்கு ரீஜனோடு முடியும். ஹை ஸ்கூலில் அதற்கு மேல் ஏரியா, அதற்கு மேல் ஆல்-ஸ்டேட். அந்த பேண்டுகள் பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் நடக்கும் மாநாட்டில் வாசிக்கின்றன. ஹை ஸ்கூல் ஆடிஷனுக்கான எட்யூட்களை, அதாவது பயிற்சித் துண்டுகளை, கோடையிலேயே அறிவித்துவிடுவார்கள்.

இதில் நண்பர்களுக்கு உதவும் அம்சங்கள் மூன்று, மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. முதலாவது, நடுவர்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. ஒரு எண் கொடுப்பார்கள், பிள்ளை பேசக்கூடாது, வாசித்துவிட்டு வெளியே வர வேண்டும். பாஸ்டன் சிம்பொனி 1952-இல் ஆடிஷனுக்குத் திரை போட்டபோது, காலணிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடக்கூடாது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டு வரச் சொன்ன கதை இசைக்காரர்களிடையே பிரபலம். திரைக்குப் பின்னால் வாசிப்பது பெண்களுக்கு வாய்ப்பைக் கூட்டியதா என்று கிளாடியா கோல்டினும் செசிலியா ரவுஸும் 2000-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் புள்ளிவிவரம் எவ்வளவு வலுவானது என்று பிற்பாடு விவாதமும் நடந்தது. கோல்டினுக்கு 2023-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பள்ளி அளவில் திரையின் பயன் எளியது: யாருடைய அம்மா பேண்டுக்கு உதவும் பெற்றோரின் பூஸ்டர் குழுவில் இருக்கிறாள், யார் பிரைவேட் லெசன் போகிறார்கள் என்பதெல்லாம் நடுவருக்குத் தெரியாது. ஆகவே "சாருக்கு அவளத்தான் பிடிக்கும்" என்ற பேச்சு எழாது.

திரை நியாயத்தைத்தான் கொடுக்கும். வலியை அது தொடாது. அதற்கு இரண்டாவது அம்சம் வேண்டும், அது இடங்களின் எண்ணிக்கை. பள்ளியில் ஃபர்ஸ்ட் சேர் ஒன்றுதான், தோழிக்குக் கிடைத்தால் எனக்கு இல்லை. ரீஜன் பேண்டில் கிளாரினெட்டுக்குப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கும். தோழி உள்ளே போவதால் என் இடம் போவதில்லை. இருவரும் போகலாம், இருவரும் போகாமலும் இருக்கலாம். (பஸூன்காரர்களுக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும். அவர்களுக்கு இடம் மிகக் குறைவு.) மூன்றாவது, இது வருடத்துக்கு ஒரு முறை. அன்றைக்கு அழுதுவிட்டு மறுநாள் வழக்கமான வகுப்புக்குப் போகலாம்.

இதனால்தான் என் தேர்வு இதுவாக இருக்கிறது: பள்ளிக்குள் நாற்காலி சுழலட்டும், அல்லது நல்லவர்கள் மூன்று பார்ட்டுக்கும் பிரிந்து உட்காரட்டும், முட்டி மோதும் ஆசையை ரீஜன் ஆடிஷனுக்கு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்குத் தன் உழைப்பை அளந்துபார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைப் பக்கத்து நாற்காலியில் வைக்காமல் தூரத்தில் வைக்கிறோம்.

இதில் நண்பர்கள் ஒன்றாகப் பயிற்சி செய்யவும் முடியும். ஒரே எட்யூட் இருவருக்கும். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என்றால் குறைப்பை அப்படியே கொண்டுவரலாம்: எட்யூட்டில் எட்டு பார் (தாள அளவு) ஒருத்தி, எட்டு பார் மற்றவள், பிறகு நான்கு நான்காக, இரண்டு இரண்டாக, ஒவ்வொன்றாக, கடைசியில் முழுவதையும் சேர்ந்து. மிருதங்கமும் கடமும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே கோர்வைக்கு ஒன்றுசேர்வது போலத்தான். ஒருவர் எங்கே அவசரப்படுகிறார் என்பது மற்றவருக்கு உடனே தெரியும். மெட்ரோனோம் ஓடிக்கொண்டிருந்தால் யார் சரி என்று சண்டையும் வராது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ரீஜன் ஆடிஷனுக்குத் தயாராகும் பிள்ளைகளில் பலருக்குப் பிரைவேட் லெசன் இருக்கும். ஒருத்திக்கு லெசன் இருந்து மற்றவளுக்கு வசதி இல்லை என்றால் தூரத்து அளவுகோலும் பணத்தைத்தான் அளக்கும். அப்போது லெசன் இருக்கும் பிள்ளை தன் ஆசிரியர் சொன்னதை மற்றவளோடு பகிர்ந்துகொள்ளலாமா என்று அந்த ஆசிரியரிடமே கேட்டுவிடுவது நல்லது. இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கும் லெசனுக்குச் சிலர் சம்மதிப்பார்கள், செலவும் பாதியாகும்.

ஆடிஷனே வேண்டாம் என்றால், தரவரிசை இல்லாத போட்டிகளும் இருக்கின்றன. டெக்சஸில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும், 1910-இல் தொடங்கிய யூ.ஐ.எல். அமைப்பு வசந்த காலத்தில் வைக்கும் கச்சேரி மற்றும் சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத பாட்டை அங்கேயே படித்து வாசிப்பது) மதிப்பீட்டில், பள்ளி பேண்டுக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு தரம் கொடுப்பார்கள், ஒன்றுதான் உச்சம். பக்கத்துப் பள்ளியும் ஒன்று வாங்கலாம், நாமும் வாங்கலாம். அதே அமைப்பின் சோலோ அண்ட் ஆன்சாம்பிள் நிகழ்ச்சியில் கிளாரினெட் டிரியோ, குவார்டெட் என்று சிறு குழுவாக வாசித்தால் குழுவுக்கு மொத்தமாக ஒரே தரம். எதிரெதிரே நின்ற இரண்டு பேரோடு மூன்றாவதாக ஒரு பிள்ளையைச் சேர்த்து டிரியோவுக்கு அனுப்புவது, பேசாமல் இருப்பவர்களைப் பேசவைக்க நல்ல உபாயம். மூச்சு எடுக்கும் இடத்தையாவது பேசித்தானே ஆக வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் சேர் டெஸ்ட்

ஆசிரியர் வருடத்துக்கு இரண்டு முறை ஒப்பிட்டால் நாம் வாரத்துக்கு இரண்டு முறை ஒப்பிடுகிறோம். பொங்கல் விழா பாட்லக்கில் சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே, "உங்க பொண்ணு எந்த சேர்?" என்று கேட்பது சாதாரண விசாரிப்பு போலத்தான் இருக்கும். கேட்பவருக்கு வேறு நோக்கம் இருக்காது. ஆனால் இரண்டு பிள்ளைகளும் அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ரீஜன் முடிவைப் போட்டு, இருபது பேர் கைதட்டல் படம் அனுப்பும்போது, இடம் கிடைக்காத பிள்ளையின் அம்மாவும் அதே குழுவில் இருக்கிறார்.

இதைத் தடுக்க ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒரு முறை போனில் பேசினால் போதும். முடிவுகளை அவரவர் பிள்ளை சொல்லட்டும், நாம் குழுவில் போட வேண்டாம். கார்பூலில் யார் முறையாக இருந்தாலும் முடிவு வந்த நாளில் அவரவர் பிள்ளையை அவரவரே கூட்டிவந்துவிடலாம். அந்த இருபது நிமிடப் பயணம் இரண்டு பிள்ளைகளுக்கும் தண்டனை. "பரவாயில்ல ஆன்ட்டி, நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்" என்று தோற்ற பிள்ளையே ஓட்டுகிறவரைத் தேற்ற வேண்டி வரும்.

ஜெயித்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது உண்டு. அது தன் மகிழ்ச்சியை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "நான் ஒண்ணும் நல்லா வாசிக்கல, லக்குதான்" என்று சொல்வது தோற்றவளுக்கு ஆறுதலாகாது. நன்றாக வாசிக்காதவளிடமே தோற்றேனா என்றுதான் கேட்கும். "அந்த ரெண்டாவது பக்கம் எனக்குச் சரியா வந்துச்சு, சந்தோஷமா இருக்கு. உனக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டால் பேச்சு இசைக்குத் திரும்பிவிடும்.

எப்போது, எப்படிக் கேட்பது

பள்ளியின் முறை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளவும், சுழற்சியோ பிரித்து உட்காரவைப்பதோ முடியுமா என்று கேட்கவும் சரியான காலம் மே மாதம், அடுத்த வருட பேண்ட் ஆடிஷனுக்கு முன். முடிவு ஒட்டப்பட்ட பிறகு அதே கேள்வியைக் கேட்டால், எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும் அது அப்பீல் மாதிரித்தான் இருக்கும். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரே மின்னஞ்சலாக அனுப்பினால் ஆசிரியர் அதை வேறு மாதிரி படிப்பார். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி "இவர்கள் நெருங்கிய தோழிகள்" என்று நீட்டி எழுத வேண்டாம். கிளாரினெட் பிரிவில் நாற்காலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, வருடத்தில் எத்தனை முறை மாறும், முடிவு எப்படி அறிவிக்கப்படும் என்று மூன்று கேள்விகள் போதும். அறிவிப்பு என்பதைக் கேட்காமல் விட வேண்டாம். பேண்ட் ஹால் கதவில் பட்டியல் ஒட்டுவதற்கும், ஒவ்வொருவருக்கும் தனியாகத் தாளில் எழுதிக் கொடுப்பதற்கும் ஆசிரியருக்குப் பத்து நிமிட வேலைதான் வித்தியாசம். கேட்டால் பெரும்பாலும் செய்துவிடுவார்.

ஹை ஸ்கூல் போனால் செக்‌ஷன் லீடர் (ஒரு வாத்தியப் பிரிவின் தலைவர்), டிரம் மேஜர் (அணிவகுப்பில் பேண்டை நடத்துபவர்) என்று வேறு தேர்வுகள் வரும். அங்கே வாசிப்போடு தலைமைக் குணமும் பார்க்கப்படுவதால் திரை போட முடியாது, டிரம் மேஜருக்கு இடமும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதற்குள் இரண்டு பேருக்கும் பதினாறு வயது ஆகியிருக்கும். அந்தப் பேச்சுவார்த்தையை அவர்களே நடத்திக்கொள்ளட்டும், காரை மட்டும் நாம் ஓட்டலாம்.